ஏழு எண்களை நம்பிப் போன 10,850 ரூபாய்

அந்த மெயிலில் வணக்கம் இல்லை, பெயர் இல்லை, திட்டும் இல்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது: 333333331 = 17 × 19607843. இரவு பத்தரை மணி இருக்கும். அடுப்படியைத் துடைத்துவிட்டு வந்து போனைப் பார்த்தவள், பால் கணக்கு நோட்டை எடுத்துப் பின்பக்கத்தில் பெருக்க ஆரம்பித்தேன். பத்தால் பெருக்கினால் 196078430, ஏழால் பெருக்கினால் 137254901, இரண்டையும் கூட்ட வேண்டும். வலது கோடியில் 1 வந்தது, அடுத்து 3, அடுத்து 3, அடுத்தும் 3. பாதியிலேயே பேனாவை வைத்துவிட்டேன். மீதி எப்படி வரும் என்று தெரிந்துபோயிற்று.

31, 331, 3331 என்று 3-கள் வரிசையாக வந்து 1-இல் முடியும் எண்கள் எல்லாம் பகா எண்களே என்று நான் வெளியிட்ட தேற்றத்தை உடைத்த மெயில் அது. முதலிலிருந்து சொல்கிறேன். மன்னார்குடியில் வீட்டு முன்ஹாலில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள், தலைக்கு மாதம் 600 ரூபாய். பி.எஸ்சி. கணிதம், பி.எட். இரண்டும் முடித்தவள். சுவரில் ராமானுஜன் படம் மாட்டியிருக்கும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் 331 பகா எண்ணா என்று கேட்டான். 331-இன் வர்க்கமூலம் 18-ஐக் கொஞ்சம் தாண்டும், அதனால் 17 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதனாலும் போகவில்லை. அட, 31-உம் பகா எண்தானே என்று ஏதோ தோன்ற, அன்று இரவே 3331-ஐப் பார்த்தேன். பகா எண். 33331-க்கு 42 பகா எண்களால் வகுக்க வேண்டியிருந்தது, அதுவும் பகா எண். 333331 பகா எண். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அந்த வாரம் முழுக்க ராமானுஜன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கும் ஒரு இடம் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3333331-க்கு 1825 வரை உள்ள பகா எண்கள் தேவை, 33333331-க்கு 5773 வரை. பட்டியல் கையில் இல்லை. நீள நோட்டில் ஆறாயிரம் வரை எண்களை எழுதி, இரண்டின் மடங்குகளை அடித்து, மூன்றின் மடங்குகளை அடித்து, எரட்டோஸ்தனிஸ் சல்லடை என்று பாடத்தில் நூறு வரைக்கும் போடுவோமே, அதை ஆறாயிரத்துக்குப் போட்டேன். மூன்று வாரம் ஆயிற்று. அப்புறம் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு எழுநூறுக்கு மேற்பட்ட வகுத்தல்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை. கடைசி எண்ணும் வகுபடாமல் போனபோது விடியற்காலை நாலு மணி. அவரை எழுப்பிச் சொன்னேன். “நல்லது, படு” என்றார்.

போனில் போட்டால் ஒரு நொடியில் சொல்லியிருக்குமே என்று கேட்பீர்கள். கையால் செய்தால்தான் அது என் கண்டுபிடிப்பு என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், உடைந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம் என்று படுகிறது. அடுத்த எண்ணான 333333331-ஐ நான் தொடவே இல்லை. அதற்கு 18257 வரை, அதாவது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் வேண்டும், ஏழுக்கு ஏழும் சரியாக வந்தபிறகு எட்டாவதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று விட்டுவிட்டேன். எண்ணைப் பார்த்தவுடனேயே 2, 3, 5 மூன்றும் போகாது என்று தெரியும். 7 போகாது, 11 போகாது, 13 போகாது. நான்காவதாக வகுக்க வேண்டியது 17. ஏழாவது எண்ணுக்கு எழுநூறு வகுத்தல் செய்தவள், எட்டாவது எண்ணுக்கு நான்கே நான்கு வகுத்தல் செய்திருந்தால் தப்பித்திருப்பேன். இந்த நான்கு எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே யாராவது இதே போல ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். உங்கள் ஊகம் சரி என்று காட்டும் கணக்குகளைப் போடுவதை நிறுத்திவிட்டு, அதை உடைக்கப் பாருங்கள். பக்கத்தில் உள்ள எண்ணை முழுசாகச் சோதிப்பதைவிட, தூரத்தில் உள்ள இருபது எண்களைச் சின்னச் சின்னப் பகா எண்களால் மட்டும் தட்டிப் பார்ப்பது சீக்கிரமும் ஆகும், உண்மையும் வெளியே வரும். நான் அதுவரை செய்ததெல்லாம் பிடித்த பதிலுக்குச் சாட்சி சேர்த்த வேலை.

சரி, பணம் எங்கே போயிற்று என்று சொல்கிறேன். முகநூலில் ஒரு விளம்பரம், பெயரிலேயே ‘சர்வதேச’ என்று இருக்கும் ஒரு ஆய்விதழ். நாலு பக்கத்தில் எழுதினேன். தேற்றம்: 3-கள் வரிசையாக வந்து கடைசியில் 1 வரும் எல்லா எண்களும் பகா எண்களே. நிரூபணம் என்ற தலைப்பின் கீழே ஏழு வரி அட்டவணை, அதற்கடியில் “இவ்வாறே தொடரும்”. டி.டி.பி. கடையில் ஆங்கிலத்தில் மாற்றித் தட்டச்சு செய்ய 1,800 ரூபாய். அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. கட்டணம் 7,500. சான்றிதழ் கூரியரில் வர 350. அவர் பாவம், பெருமை தாங்காமல் வாசலில் என் போட்டோ போட்டு 1,200 ரூபாய்க்கு ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். மொத்தம் 10,850, என் ஒரு மாத டியூஷன் வருமானத்தைவிட அதிகம். நான்கு மாத இரவுகள் தனிக்கணக்கு. மாமியார் மட்டும், “எண்ணைக் கண்டுபிடிச்சா அவங்கல்ல நமக்குக் காசு குடுக்கணும், நாம எதுக்குடி குடுக்கிறோம்?” என்றார். வீட்டிலேயே சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான், நான்தான் சிரித்தேன்.

மூன்று நாளில் ஒரு கணித நிரூபணத்தை யாரும் படித்து முடிவு சொல்ல மாட்டார்கள், மாதக்கணக்கில் ஆகும். படித்தவர் இந்த வரி புரியவில்லை, இந்த இடம் தவறு என்று குறிப்பு எழுதி அனுப்புவார். எனக்கு ஒரு எழுத்துப்பிழைகூடச் சொல்லி வரவில்லை. கணித ஆய்விதழ்களில் எழுதியவரிடம் பணமே கேட்காதவை நிறைய உண்டு என்பதும் பிறகுதான் தெரிந்தது. பணம் கட்டுவதற்கு முன்னால் பக்கத்துக் கல்லூரியில் கணிதத் துறையில் யாராவது ஒருவரிடம் அரைமணி நேரம் காட்டியிருக்கலாம். கூச்சம். இன்னொருவர் கையில் கொடுத்தால் திருடிவிடுவார் என்ற சந்தேகம் வேறு. இன்னொரு இலவச வழியும் இருக்கிறது: நீல் ஸ்லோன் என்பவர் 1964-இல் சேகரிக்கத் தொடங்கி, 1996 முதல் இணையத்தில் இருக்கும் முழு எண் வரிசைகளின் கலைக்களஞ்சியம். தேடும் கட்டத்தில் 31, 331, 3331, 33331 என்று தட்டினால் போதும், நீங்கள் கண்ட வரிசையை முன்பே யார் யார் கண்டார்கள் என்று வந்து நிற்கும். இந்த மூன்றுகளின் வரிசை எவ்வளவு பழைய கதை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். கணிதக்காரர்கள் இதை ‘ஏமாறாதே’ என்று சொல்வதற்கான உதாரணமாகவே வைத்திருக்கிறார்கள்.

பணத்தைவிட என்னைக் குத்தியது வேறு. பி.எட். படிக்கும்போது விதிவருமுறை, விதிவிளக்கமுறை என்று பத்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எடுத்துக்காட்டுகளிலிருந்து விதிக்குப் போவது விதிவருமுறை, விதியிலிருந்து எடுத்துக்காட்டுக்கு வருவது விதிவிளக்கமுறை, சின்னப் பிள்ளைகளுக்கு முதலாவது நல்லது, நேரம் மிச்சமாக இரண்டாவது நல்லது, இப்படியெல்லாம். இரண்டையும் பாடம் நடத்தும் வழியாகத்தான் படித்தேனே தவிர, முதல் வழியில் போனால் கிடைப்பது ஊகம் மட்டுமே, அது உண்மையாக இரண்டாவது வழியில் இன்னொரு பயணம் பாக்கி இருக்கிறது என்று மனதில் தைக்கவே இல்லை. வகுப்பிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். மூன்று முக்கோணம் வரையச் சொல்வேன், பாகைமானியால் அளக்கச் சொல்வேன், ஒருத்திக்கு 179 வரும், ஒருவனுக்கு 181, இன்னொருத்திக்கு 180. “ஆக, 180” என்று பலகையில் எழுதிக் கட்டம் போடுவேன். 179 வந்தவள் அழித்துவிட்டு 180 என்று எழுதிக்கொள்வாள். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்தது என்னவென்று நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

மெயில் வந்த பிறகு பத்து நாள் கணக்கு நோட்டையே தொடவில்லை. ஃப்ளெக்ஸை மட்டும் மறுநாள் காலையிலேயே கழற்றி மடித்துப் பரணில் போட்டேன், அவர் ஏன் என்று கேட்டார், மழை வரும்போல இருக்கிறது என்றேன். பதினோராம் நாள் ஒரு கேள்வி அரித்தது. ஏன் 17? ஏன் எட்டாவது இடத்தில்? உட்கார்ந்து பார்த்தால், இந்த வரிசையில் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகப் பத்தால் பெருக்கி 21 கூட்டினால் போதும். 31 × 10 + 21 = 331. 331 × 10 + 21 = 3331. அப்படியானால் பெரிய எண்ணை வகுக்கவே வேண்டாம், மீதியை மட்டும் பத்தால் பெருக்கி 21 கூட்டி, மறுபடி 17-ஆல் வகுத்து மீதி எடுத்துக்கொண்டே போகலாம். 31-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 14. அடுத்தது 8. அப்புறம் 16, 11, 12, 5, 3, 0. எட்டாவது இடத்தில் சுழி. இரண்டு நிமிட வேலை. ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்வாள்.

அதோடு விடவில்லை. வரிசையின் முதல் எண்ணான 31-ஆலேயே மற்றவற்றை வகுத்தால் என்ன என்று பார்த்தேன். முதல் மீதி 0, ஏனென்றால் 31 தன்னைத்தானே வகுக்கும். பிறகு 21, 14, 6, 19, 25, 23, 3, 20, 4, 30, 11, 7, 29, 1, மறுபடி 0. பதினைந்து அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. வராமல் போகவும் முடியாது: 31-ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் மொத்தமே 31, ஆக எங்காவது ஒன்று திரும்ப வந்தே தீர வேண்டும், இரண்டு வேறு மீதிகள் ஒரே மீதிக்குப் போய்ச் சேரவும் வழியில்லை, அதனால் வட்டம் ஆரம்பத்தில்தான் வந்து மூடும். அப்படியென்றால் 31 பகா எண் என்று சந்தோஷப்பட்ட அந்த முதல் நிமிடத்திலேயே, பதினாறு மூன்றுகளும் ஒரு ஒன்றும் கொண்ட எண் 31-ஆல் வகுபடும் என்பது முடிவாகிவிட்டிருக்கிறது. வகுத்தும் பார்த்தேன்: 33333333333333331 = 31 × 1075268817204301. 17-ஐப் பற்றி யாரும் சொல்லாவிட்டாலும், எத்தனை பெரிய எண்ணையும் தொடாமலேயே, என் தேற்றம் பொய் என்று இந்த ஒரு பக்கத்தில் தெரிந்திருக்கும். நாலு மாதம் எண்களைச் சோதித்தேன், ஒரு சாயங்காலம்கூட ‘ஏன் இது பகா எண்ணாக இருக்க வேண்டும்’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இல்லை என்பதாவது புரிந்திருக்கும்.

பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்து பகா எண்களைப் பார்த்து, அதே சூத்திரத்தில் (ஒரு எண்ணில் 1 கழித்து, வர்க்கமாக்கி, 1 கூட்டினால் அடுத்தது) வருவதெல்லாம் பகா எண் என்று நம்பினார். அடுத்த எண் 4294967297. அது 641 × 6700417 என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். அந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாக இருந்தாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று ஆய்லர் காரணத்தோடு நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே ஆள். கண்மூடி எழுநூறு முறை வகுப்பதற்கும் காரணம் கண்டு ஐந்து முறை வகுப்பதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்தீர்களா. ஆனால் ஃபெர்மா யாருக்கும் 7,500 ரூபாய் கட்டவில்லை.

என் சுவரில் இருப்பவர் கதையும் இதுவே. மக்மஹோன் என்ற கணிதவியலாளர் கையால் கணக்கிட்டுக் கொடுத்த, 200 வரையான எண்களை எத்தனை விதமாகக் கூட்டலாக எழுதலாம் என்ற பிரிவினை அட்டவணையைப் பார்த்துத்தான் ராமானுஜன் ஒரு ஒழுங்கைக் கண்டார். 4-ஐ நேர்முழு எண்களின் கூட்டலாக 5 விதமாக எழுதலாம், 9-ஐ 30 விதமாக, 14-ஐ 135 விதமாக, 19-ஐ 490 விதமாக. எல்லாம் ஐந்தின் மடங்கு. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் அட்டவணையோடு நிற்கவில்லை, 4-இலோ 9-இலோ முடியும் எண்ணுக்கு இந்த எண்ணிக்கை எப்போதும் ஐந்தால் வகுபடும் என்பதற்கான நிரூபணத்தை 1919-இல் வெளியிட்டார். நான் படத்தை மாட்டினேன், அட்டவணையோடு நின்றேன். நேர்மையாக நான் எழுதியிருக்க வேண்டிய சொல் ‘ஊகம்’. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. 2-ஐவிடப் பெரிய இரட்டை எண் எல்லாம் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்பது 1742-லிருந்து கோல்ட்பாக் ஊகமாகவே இருக்கிறது, 4-க்குப் பின் பதினெட்டுச் சுழி போட்ட எண் வரை கணினியால் சோதித்தும் இன்னும் யாரும் அதைத் தேற்றம் என்று அழைப்பதில்லை. ஏழு எண்களை வைத்துத் தேற்றம் என்று எழுதிய கை இது.

இப்போது வகுப்பில் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளை ஒரு வட்டம் போடச் சொல்கிறேன். வட்டத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்துச் சேர்த்தால் வட்டம் இரண்டு துண்டாகும். மூன்று புள்ளி, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்தால் நான்கு துண்டு. நான்கு புள்ளிக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு. ஆறுக்கு? கேட்டு முடிக்கும் முன்பே பதினான்கு பேரும் “முப்பத்திரண்டு மிஸ்” என்று கத்துவார்கள். போட்டு எண்ணுங்கள் என்பேன். 31 வரும். முதலில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள், நீ கோட்டை விட்டுவிட்டாய், நீ ஒரு துண்டை எண்ணவில்லை என்று. ஒரு பெண் துண்டு துண்டாகக் கலர் அடித்து எண்ணினாள், 31. இன்னொருவன் 30 என்றான், அவனும் தவறில்லை. புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டு ஒரு துண்டை விழுங்கிவிடும். இதை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் புள்ளிகளைக் கொஞ்சம் ஏறுக்குமாறாக வையுங்கள், இல்லாவிட்டால் பாதி வகுப்பு அந்தச் சண்டையிலேயே போய்விடும். எப்படியும் 32 யாருக்கும் வராது.

அந்த முகங்களில் குழப்பம் இருக்கும்போதே காரணத்துக்குப் போய்விட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் ஆறிப்போகும். ஒரு கோடு போட்டால் ஒரு துண்டு கூடும், அது வேறு கோட்டை வெட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் இன்னொரு துண்டு கூடும். ஆக மொத்தத் துண்டு என்பது 1-உடன் கோடுகளின் எண்ணிக்கையும் வெட்டும் இடங்களின் எண்ணிக்கையும் சேர்ந்தது. ஐந்து புள்ளிக்கு 1 + 10 + 5 = 16. ஆறு புள்ளிக்கு 1 + 15 + 15 = 31. இரட்டிப்பாவது போல் தெரிந்தது தற்செயல். முக்கோணத்திலும் அப்படியே, பாகைமானி வேலை முடிந்ததும் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு ஒன்றுவிட்ட கோணங்களைக் காட்டுகிறேன். 179 வந்த பிள்ளையை அழிக்க விடுவதில்லை. அளந்தது 179, நிரூபித்தது 180, இரண்டையும் எழுது என்கிறேன்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மனத்திறன் தாளில் எண் தொடர் கேள்விகள் வரும். 1, 2, 4, 8, 16, அடுத்து என்ன என்று கேட்டு, வட்டப் பாடம் படித்த பிள்ளை 31 என்று குறித்தால் மதிப்பெண் போகும். “தேர்வில் 32, என்னிடம் பேசும்போது ‘எந்தக் கணக்கிலிருந்து வந்த வரிசை இது’ என்று கேள்” என்று சொல்லியிருக்கிறேன். ஒரு அப்பா வந்து, பிள்ளையைக் குழப்பாதீங்க டீச்சர் என்றார். அவர் கவலையும் நியாயம்தான், உதவித்தொகை அவர்களுக்குத் தேவை. பதினோராம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. அங்கே கணிதத் தொகுத்தறிதல் என்று வரும், பெயரைக் கேட்டால் எடுத்துக்காட்டுகளைத் தொகுப்பது போலிருக்கும், ஆனால் அது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கட்டாயம் போகும் என்று காரணத்தோடு காட்டும் முழு நிரூபணம். என் “இவ்வாறே தொடரும்” என்ற வரிக்குப் பதில் அங்கே அந்த ‘ஏன்’ இருக்கும்.

கட்டுரையை நீக்கச் சொல்லி அந்த ஆய்விதழுக்கு எழுதினேன். நீக்கக் கட்டணம் 3,000 என்றார்கள். கட்டவில்லை, அதனால் என் பெயரோடு அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் அவர்களிடமிருந்தே ஒரு மெயில், உங்கள் ஆய்வுத் திறனைக் கண்டு வியந்தோம், எங்கள் ஆசிரியர் குழுவில் சேருங்கள், சேர்க்கைக் கட்டணம் 4,000 என்று. எனக்கு வந்தது போலவே, வணக்கம் போடாமல், பெயர் போடாமல் பதில் அனுப்பினேன்: 333333331 = 17 × 19607843. ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. உங்கள் கட்டுரை கிடைத்தது, மூன்று வேலை நாட்களில் முடிவு தெரிவிக்கப்படும்.